இரண்டாம் கட்டுக் கதவு

குன்றக்குடிக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றில் பணிக்காலம் முழுவதும் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வீரலட்சுமி. பிள்ளைகள் அவரை ‘சத்துணவு டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்துக் குழந்தைகள் கருகிப்போன வருடம், சமையல் கொட்டகைகளில் கீற்று இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு கைக்கு வருமுன்பே, பேப்பரில் படம் பார்த்த அன்றே, ஆள் வைத்துக் கீற்றைப் பிரித்துப் போட்டுவிட்டார் அவர். அதற்குப் பிறகு அடுப்பு எரியும் இடத்தில் ஒரு கதவு சாத்தியிருந்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். வீட்டில்கூட அப்படித்தான். கணவர் முத்துவீரன் அதை வைத்து அவரைக் கேலி செய்வார்.

முத்துவீரன் இறந்த பிறகு கிராமத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். அதிலிருந்து வாக்கர் இல்லாமல் நடக்க முடியவில்லை. ஒரே மகன் முத்துக்கண்ணன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவன் குடியிருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மருமகளும் வேலைக்குப் போகிறவள். பல இடங்களில் விசாரித்துக் கடைசியில் கண்டனூரில் ஒரு முதியோர் இல்லத்தைப் பிடித்தான். பெரிய செட்டியார் வீடு ஒன்றைப் பங்காளிகள் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அதில்தான் இல்லம் நடந்தது.

போன அன்று வீரலட்சுமிக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். தேக்குத் தூண்களும், பூப்போட்ட ஆத்தங்குடித் தரையும், முற்றத்தில் இறங்கும் வெயிலும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தன. மேனேஜர் பூமிநாதன் வாசலுக்கே வந்து கைகூப்பி அழைத்துப் போனார். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மெதுவாகப் பேசுகிற மனிதர். இனிமேல் தானும் அவருக்கு ஒரு மகன்தான் என்று முத்துக்கண்ணனிடம் சொன்னார். மகன் கண் கலங்கிப் புறப்பட்டுப் போனான். அன்று சாயங்காலம் பூமிநாதன் வந்து, சார்ஜ் போட்டுத் தருவதாகச் சொல்லி வீரலட்சுமியின் போனை வாங்கிப் போனார். அது திரும்பி வரவில்லை. கேட்டபோது, பெரியவர்கள் போன் எல்லாம் ஆபீசில் இருப்பதுதான் பத்திரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மகனோடு பேசலாம். ஆபீஸ் மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

வீரலட்சுமிக்கு, முற்றத்தைத் தாண்டிய உள்பகுதியான இரண்டாம் கட்டில் ஓர் அறை. உடன் இருந்தவர் தேனம்மை ஆச்சி. தேவகோட்டைக்காரர். ஒரே மகள் சிங்கப்பூரில். நல்ல தெம்பாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனுஷி. சமையல்காரர் வைத்த குழம்பை ஒரு வாய் வைத்ததுமே எதில் குறை என்று சொல்லிவிடுவார். முதல் கட்டுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் பழைய தேக்குக் கதவு ஒன்று உண்டு. அதோடு புதிதாக ஒரு கம்பிக் கதவையும் பொருத்தியிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் பூமிநாதன் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். ஆச்சி தினமும் அந்த நேரத்துக்குச் சரியாக, “நாங்க என்ன திருடிட்டா வந்திருக்கோம், இப்படி அடைச்சுட்டுப் போறீக?” என்று சத்தமாகக் கேட்பார். பூமிநாதன் சிரித்துக்கொண்டே பூட்டுவார்.

வீரலட்சுமியின் மனசு பூட்டிலேயே நின்றது. உள்ளே படுக்கும் ஒரே பணிப்பெண் ரோகிணியிடம் சாவி இருக்கும் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். கேட்டபோது ரோகிணி கையை விரித்தாள்.

“எங்கிட்டயும் சாவி இல்லம்மா. ஏதாச்சும்னா சாருக்குப் போன் போடணும். அவரு காரைக்குடியில இருந்து வரணும்.”

அதைக் கேட்ட பிறகு வீரலட்சுமியால் சரியாகத் தூங்க முடியவில்லை. படுக்கையில் இருப்பவர்கள் பாதிப் பேர், வாக்கர் பிடித்து நடப்பவர்கள் பாதிப் பேர், இரண்டாம் கட்டில் இருக்கும் எல்லாரும் ஒரு பூட்டுக்கு உள்ளே. பின்கட்டில் சமையல். அடுப்படிக்குப் போகும் வழியும் அந்தப் பக்கமாகவே தாழ் போட்டிருக்கும். இதைப் பூமிநாதனிடம் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்தார். எதிரில் வந்து அவர் மெல்லிய குரலில், எல்லாம் சௌகரியம்தானே என்று கேட்கும்போது, குறையொன்றும் இல்லை என்றுதான் வாயில் வந்தது.

ஆச்சி அப்படிப்பட்டவர் இல்லை. ஒருநாள் தங்கள் தகப்பனாரைச் சேர்ப்பதற்காக இடம் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. பூமிநாதன் அவர்களுக்கு முற்றத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆச்சி எழுந்து போய், இங்கே சாயங்காலம் ஆனால் மாட்டை அடைக்கிற மாதிரி அடைத்துவிடுவார்கள், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், யோசித்துச் சேருங்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். பூமிநாதன் ஆச்சியை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மறுநாள் காலையில் ஆச்சிக்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தது என்றாள் ரோகிணி. எந்த டாக்டரும் வந்து போனதை வீரலட்சுமி பார்க்கவில்லை.

அதன்பின் ஆச்சி காலையிலும் தூங்கினார், மத்தியானமும் தூங்கினார். பேச்சு குழறியது. ஒருமுறை பாத்ரூம் போக எழுந்தவர் கட்டிலோரத்தில் சரிந்து விழுந்தார். அதற்கு மறுநாள் அவருடைய இரண்டு கைகளையும் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். வீரலட்சுமி வாக்கரை ஊன்றி எழுந்து போய் முடிச்சைத் தொட்டார்.

ரோகிணி ஓடி வந்து தடுத்தாள். “அவுத்தா விழுந்துருவாகம்மா. விழுந்தா எம்மேலதான் வரும். சாரு கட்டச் சொல்லிட்டாரு.”

“இது பாவம்டி.”

“எனக்குத் தெரியாதா?” என்றாள் ரோகிணி. அவளுக்கு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் இல்லை.

அன்று முதல் வீரலட்சுமி வாயைக் கட்டிக்கொண்டார். இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்கவில்லை. சோறு குழைந்திருந்தாலும் சாப்பிட்டார். வராந்தாவில் பூமிநாதனின் செருப்புச் சத்தம் கேட்டால் முதுகு தானாக நிமிர்ந்தது. எதிர்க் கட்டிலில் ஆச்சியின் வாய் திறந்தபடி கிடக்கும். பொருத்தமில்லாத நேரத்தில் கண்ணை விழித்து வீரலட்சுமியைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் ஆள் அடையாளம் இருந்ததா இல்லையா என்பது தெரியாது. ஆச்சியின் குதிகாலில் முதலில் சிவப்பாகத் தெரிந்த இடம் பிறகு கறுத்தது. அறைக்குள் ஒரு வாடை வந்தது. இன்றைக்கு ஆச்சி, நாளைக்கு நான் என்ற நினைப்பு வீரலட்சுமியை விடவில்லை.

மகனிடம் எப்படியாவது சொல்ல வேண்டும். வாரம் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. எதிரில் பூமிநாதன் ஏதோ காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். முத்துக்கண்ணன் வழக்கமான விசாரிப்புகளை முடித்தான். வீரலட்சுமி குரலை மாற்றாமல் சொன்னார்:

“நேத்து அப்பா மாட்டக் கட்டாம விட்டுட்டாருப்பா. அது எங்குட்டுப் போச்சுன்னே தெரியல. நீ வந்துதான் தேடணும்.”

முத்துவீரன் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டில் மாடு இருந்ததே மகன் சிறுவனாக இருந்த காலத்தில்தான். அம்மா இப்படிப் பேசுகிறாளென்றால் ஏதோ ஆபத்து, கிளம்பி வர வேண்டும் என்று அவனுக்குப் புரியும் என அவர் நம்பினார். முத்துக்கண்ணன் உடைந்த குரலில், “சரிம்மா, நான் பாத்துக்கறேன்” என்றான். வீரலட்சுமிக்குப் போன உயிர் திரும்பிய மாதிரி இருந்தது.

பூமிநாதன் நிதானமாக ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். அவர் பேசியது உள்ளே கேட்டது. போன வாரமே லேசாக ஆரம்பித்துவிட்டதாகவும், வருத்தப்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்லாமல் இருந்ததாகவும் சொன்னார். இந்த வயதில் ஞாபகம் இப்படித்தான் குழம்பும் என்றார். “நீங்க கவலைப்படாம இருங்க தம்பி. டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரைய ஆரம்பிச்சிருவோம்.”

தானே தன் கையைக் கட்டிக் கொடுத்துவிட்டது வீரலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. இனி எதைச் சொன்னாலும் அது புத்தி பிசகியவள் பேச்சு.

அன்று சாயங்காலமே மாத்திரை வந்தது. விழுங்கும் வரை ரோகிணி பக்கத்திலேயே நின்றாள், முகத்தைப் பார்க்காமல். அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. கண் விழித்தால் வாய் உலர்ந்திருக்கும், உத்தரம் தெரியும், அது காலையா மாலையா என்று விளங்காது. உண்மையிலேயே புத்தி போய்க்கொண்டிருக்கிறதோ என்று பயந்தார். சோதித்துப் பார்க்கப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு முறையை மனசுக்குள் ஓட்டுவார். திங்கள் வெஜிடபிள் பிரியாணி, செவ்வாய் கொண்டைக்கடலைப் புலாவு, புதன் தக்காளி சாதம். ஒருநாள் புதனுக்கு அப்புறம் எதுவும் வரவில்லை. எத்தனையோ வருடம் தான் முன்னின்று ஆக்கிப் போட்ட வியாழக்கிழமை அப்படியே காணாமல் போயிருந்தது. போர்வையை வாயில் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார்.

அந்த மாதத்தில் வீட்டுக்காரப் பங்காளிகளின் படைப்பு வந்தது. முன்னோர்களுக்கு வேட்டி சேலை வைத்து, சமைத்துப் படைத்துக் கும்பிடுவதற்காகச் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சனம் வந்து கூடும் நாள். வீட்டைக் குத்தகைக்கு விட்டபோதே அந்த ஒரு நாள் தங்களுக்கு வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். காலையிலேயே பூமிநாதன் முதல் கட்டிலிருந்த முதியவர்களையும் இரண்டாம் கட்டுக்குக் கொண்டுவந்து அடைத்தார். கம்பிக் கதவைப் பூட்டி, அதன் மேல் தேக்குக் கதவையும் சாத்தினார். ரோகிணியைப் பந்தி வேலைக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்த அவசரத்தில் காலை மாத்திரை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

பின்கட்டில் விறகடுப்புகள் மூட்டினார்கள். விறகு ஈரம் போலிருக்கிறது. காற்று இந்தப் பக்கமாகத் திரும்ப, புகை ஜன்னல் வழியே உள்ளே இறங்கியது. முதலில் மெலிதாகத்தான் இருந்தது. பிறகு எதிர்ச் சுவர் தெரியவில்லை. படுக்கையில் கிடந்தவர்கள் இருமத் தொடங்கினார்கள். ஆச்சி கைகள் கட்டியபடியே முதுகை வில்லாக வளைத்து மூச்சுக்குத் திணறினார். வீரலட்சுமிக்கு அது விறகுப் புகை என்று தோன்றவே இல்லை. தீப்பிடித்துவிட்டது, எல்லாரும் போகப்போகிறோம் என்றே நினைத்தார். பல வருடங்களுக்கு முன் பேப்பரில் பார்த்த படம் கண்முன் வந்து நின்றது.

ஆச்சியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவசரத்தில் இழுத்ததில் அது இன்னும் இறுகியது. வாக்கரைப் பிடித்துக் கதவுக்குப் போனார். கத்தினால் குரல் எழவில்லை. சுவரோரம் கிடந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கம்பியில் அடித்தார். வெளியே பேச்சுச் சத்தமும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது. விடாமல் அடித்தார். யாராவது வந்தால் அது பூமிநாதனாக இருக்குமே என்ற பயமும் உள்ளே இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

பந்திக்குப் பித்தளைப் பாத்திரம் எடுக்க அந்தப் பக்கமாக வந்தவர் மீனாள். வீட்டுப் பங்காளிகளில் ஒருவருடைய மனைவி, ஐம்பது வயதிருக்கும், சென்னையில் ஒரு கல்லூரியில் வேலை. தேக்குக் கதவைத் தள்ளித் திறந்தவர் முகத்தில் புகை வந்து அடித்தது. கம்பிக்கு அந்தப் புறம் தட்டும் கையுமாக ஒரு வயதான பெண்.

“கதவத் தொறங்க,” என்றார் வீரலட்சுமி. “உள்ள ஆச்சியக் கட்டிப் போட்டிருக்காக. மூச்சு முட்டுது.”

பூமிநாதன் வேகமாக வந்தார். அந்த அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லை, இப்படித்தான் எதையாவது சொல்வார்கள், வெறும் அடுப்புப் புகைதான், நீங்கள் படைப்பைப் பாருங்கள் என்றார்.

மீனாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். “ஞாபகம் சரியில்லாதவுகளுக்கு மூச்சு வேண்டாமா? சாவியக் கொண்டாங்க.”

கூட்டம் சேர்ந்துவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. உள்ளே போன மீனாள் ஆச்சியின் கட்டிலுக்கு அருகில் போய் நின்றார். மணிக்கட்டுகளைப் பார்த்தார், காலைப் பார்த்தார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அதன் பிறகு தன் போனை எடுத்து வீரலட்சுமியிடம் நீட்டி, பேச வேண்டியவர்களிடம் பேசச் சொன்னார்.

மகன் நம்பர் ஞாபகம் இருக்குமோ இருக்காதோ என்று ஒரு கணம் திக்கென்றது. இருந்தது.

“முத்துக்கண்ணா, அப்பா செத்துப் போனதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கு எதிர்ல ஆள் உக்காந்திருந்துச்சு, அதான் அப்படிச் சொன்னேன். நீ உடனே கிளம்பி வா.”

மீனாள் முதியோர் உதவி எண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் பேசினார். அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை வீட்டை விட்டு நகர்வதில்லை என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். ஆச்சியை ஆம்புலன்சில் காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிற்பகலில் சிவகங்கையிலிருந்து சமூகநலத் துறை அதிகாரி ஒரு பெண்மணி, ஒரு பெண் காவலரோடு வந்தார். ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்.

வீரலட்சுமியின் முறை வருமுன் ரோகிணி அவருடைய கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. “என் பேர மட்டும் சொல்லிராதீகம்மா,” என்றாள். வீரலட்சுமி அவள் கையைப் பிடித்தார். பிறகு வாக்கரை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

விசாரணை அதே ஆபீஸ் அறையில்தான் நடந்தது. அதிகாரிக்குப் பக்கத்தில் கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுக்கத் தயாராகப் பூமிநாதன் நின்றிருந்தார். அதிகாரி பேனாவைத் திறந்து, இங்கே உங்களுக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். பூமிநாதன் வீரலட்சுமியைப் பார்த்துச் சிரித்தார். எப்போதும் போன்ற சிரிப்பு. மகன் இன்னும் திருச்சியைத் தாண்டவில்லை. இவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டால் பொழுது சாயும், பூட்டு விழும், செருப்புச் சத்தம் கேட்கும். குறையொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் இன்றைய பொழுதாவது கழியும்.

வீரலட்சுமி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அவரு வெளிய போகட்டும். கதவச் சாத்துங்க. அப்புறம் சொல்றேன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இதைத் தானே செய்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் சற்றே சிவந்தது. பூமிநாதனை வெளியே அனுப்பிப் பெண் காவலரைக் கதவருகில் நிறுத்தினார். வீரலட்சுமி எல்லாவற்றையும் சொன்னார். போன், பூட்டு, மாத்திரை, வேட்டிக் கிழிசல். கட்டியது யார் என்று அதிகாரி கேட்டார். “கட்டுனது ரோகிணி. கட்டச் சொன்னது அவரு. அந்தப் புள்ளையையும் சேத்துத்தான் பூட்டுவாரு,” என்றார் வீரலட்சுமி.

அதன்பின் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இல்லத்துக்கு முறையான பதிவே இல்லை. மாத்திரைகளுக்கு எந்த டாக்டரின் சீட்டும் இல்லை. இல்லத்தை மூடினார்கள். போக இடமில்லாதவர்களைச் சிவகங்கையில் வேறோர் இடத்தில் சேர்த்தார்கள். அவர்களில் சிலர், இங்கே பழகிவிட்டது, எங்களை ஏன் கிளப்புகிறீர்கள் என்று அழுதார்கள். பூமிநாதன் கைதாகி ஜாமீனில் வெளியே வந்தார். ஆச்சியின் மகள் சிங்கப்பூரிலிருந்து வந்து தாயோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். புண் ஆற வெகுநாள் பிடித்தது. ஆச்சி இப்போது தேவகோட்டையில் இருக்கிறார். பேச்சு பாதிதான் திரும்பியிருக்கிறது.

முத்துக்கண்ணன் ஓசூரில் தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்து அம்மாவை அழைத்துப் போனான். ஏன் புரிந்துகொள்ளவில்லை என்று வீரலட்சுமி அவனை ஒருநாளும் கேட்டதில்லை. அவன்தான் சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டு எழுந்து போவான். வீரலட்சுமிக்கு இன்னமும் மாத்திரை என்றாலே நடுக்கம். மருமகள் சர்க்கரை மாத்திரையை உறையோடு கொண்டுவந்து, எழுத்தைப் படிக்கவிட்டு, பிறகுதான் பிரித்துக் கொடுக்கிறாள்.

வழக்கு விசாரணைக்கு வரச் சொல்லிச் சம்மன் வந்தது. வேண்டாம், உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றான் மகன். இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்த வீரலட்சுமி மூன்றாம் நாள் புறப்பட்டார். கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு முத்துக்கண்ணன் வக்கீலைத் தேடிப் போனான். தள்ளி நின்ற கூட்டத்தில் பூமிநாதனின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. வீரலட்சுமி வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

பெஞ்சின் மறு ஓரத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ரோகிணி. இளைத்திருந்தாள். இப்போது காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்வதாகச் சொன்னாள்.

“என் பேரச் சொன்னீகளாமே,” என்றாள்.

“சொன்னேன்.”

ரோகிணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் அந்த மாத்திரைய எங்க வாங்கிட்டு வரச் சொன்னாருங்கறது எனக்கு மட்டுந்தான் தெரியும். அதச் சொல்லத்தான் வந்திருக்கேன்.”

வீரலட்சுமி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவள் பக்கமாக உட்கார்ந்தார். உள்ளேயிருந்து டவாலி வந்து முதலில் ரோகிணியின் பெயரைக் கூப்பிட்டார்.